கண்ணையனுக்கு வந்த சூடு

எனக்கு என்ன வியாதி என்பதைப் புதுச்சேரியில் கடைசியாகத் தெரிந்துகொண்ட ஆள் நான்தான். எனக்கு முன்னால் என் மாப்பிள்ளைக்குத் தெரியும். மாப்பிள்ளை வேலை செய்யும் சேதராப்பட்டுக் கம்பெனியில் எல்லா ஷிஃப்டுக்கும் தெரியும். எனக்கு முடிவெட்டுகிறவருக்குத் தெரியும். நோணாங்குப்பம் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறவருக்குக்கூடத் தெரியும் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். கடற்கரையில் சுண்டல் விற்கிறவன் எனக்கு மட்டும் ஒரு கை கூடுதலாக அள்ளிப் போட்டு, "சாப்புடுங்க பெரியவரே, மனசுல எதையும் வெச்சுக்காதீங்க" என்றான். சுண்டலில் மாங்காய் குறைந்துவிட்டதற்காகச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

என் பெயர் கண்ணையன். ஆயுசில் பாதியை மில்லில் தறிக்கொட்டகையில் கழித்துவிட்டு ரிட்டையர் ஆனவன். சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் எனக்கு மூத்திரம் நின்று நின்று வர ஆரம்பித்தது. எங்கள் தெரு முனிசிபாலிட்டிக் குழாய் மாதிரி: சத்தம் பெரிதாக வரும், தண்ணீர் வராது. பெரிய மார்க்கெட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எந்தெந்தச் சுவரில் "இங்கு சிறுநீர் கழிக்காதீர்" என்று எழுதியிருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். எழுதாத சுவர் இரண்டு உண்டு. அவை எங்கே என்று சொல்ல மாட்டேன், கூட்டம் சேர்ந்துவிடும்.

மாப்பிள்ளை வெற்றிவேல் நல்ல பையன். "மாமா, சும்மா வுடக்கூடாது" என்று சொல்லி என்னை அபயகரம் மருத்துவ நிலையத்துக்கு அழைத்துப் போனான்.

அபயகரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாசலில் செயற்கை அருவி. மூத்திரம் வராதவனை அருவிக்கு எதிரில் உட்கார வைப்பது என்ன வைத்தியமோ, எனக்குத் தெரியாது. உள்ளே நுழைந்ததும் தங்க எழுத்தில் ஒரு பலகை: "நோயாளியே எங்கள் தெய்வம்." நான் அதைப் படித்துவிட்டுப் பூரித்துப்போனேன். அதன் முழு அர்த்தம் அப்புறம்தான் விளங்கியது. கோயிலில் தெய்வத்திடம் யாராவது விவரம் சொல்கிறார்களா? பூசாரியிடம்தான் பேசுவார்கள். தெய்வம் கல்லாக உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கே பூசாரிக்கு அட்டெண்டர் என்று பெயர். நோயாளியோடு கூட வருகிறவர்தான் அட்டெண்டர்.

ரத்தம் எடுத்தார்கள். அப்புறம் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, கொல்லைப்புற வாசல் வழியாக ஏதோ குழாயை நுழைத்து, உள்ளே ஊசியால் குத்தினார்கள். "என்னா டெஸ்ட் இது?" என்றேன். "போட்டோ பெரியவரே. ஆடாம இருங்க" என்றான் அங்கிருந்தவன். போட்டோ எடுக்கும்போது சிரிக்க வேண்டும் என்று எங்கள் காலத்தில் சொல்வார்கள். சிரிக்க முடியவில்லை.

முடிவு வந்த அன்றைக்கு டாக்டர் கோபிநாத்தின் அறைக்குப் போனோம். அவர்தான் அபயகரத்தின் இயக்குநர். நான் அவர் எதிரில் உட்கார்ந்தேன். அவர் என் தோளுக்கு மேலே பார்த்தார். அங்கே வெற்றிவேல் நின்றுகொண்டிருந்தான்.

"நீங்கதான் அட்டெண்டரா? பெரியவர வெளிய உக்கார வைங்க."

"டாக்டர், வியாதி எனக்கு" என்றேன்.

"இவருக்குக் காத்து வேணும். வெளிய கூட்டிட்டுப் போங்க" என்று அவர் கதவருகில் நின்ற நர்ஸிடம் சொன்னார். காற்று எல்லாம் உள்ளே ஏ.சி.யில்தான் இருந்தது. வெளியே போனேன்.

வெற்றிவேல் வெளியே வந்தபோது அவன் முகம் துவைத்த லுங்கி மாதிரி வெளுத்திருந்தது.

"என்னாப்பா சொன்னாரு?"

"ஒண்ணும் இல்ல மாமா. சூடு."

"சூடா?"

"ஒடம்பு சூடு மாமா. கொஞ்சம் முத்துன சூடு."

என் பெண்டாட்டி சின்னப்பொண்ணு அன்றைக்கே வெந்தயத்தை ஊறப்போட்டாள். பெயர்தான் சின்னப்பொண்ணு, அறுபது தாண்டிவிட்டது. இளநீர், நீர்மோர், வாரம் இரண்டு தடவை நல்லெண்ணெய்க் குளியல். இரண்டு மாதத்தில் என் உடம்பு எண்ணெய் வழியும் அப்பளம் மாதிரி ஆனது. சூடு தணிந்தபாடில்லை.

ஒவ்வொரு தடவை அபயகரத்துக்குப் போகும்போதும் வராந்தா பெஞ்சில் என் வயசுக்காரர்களோடு உட்காருவேன். அங்கேதான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அந்த ஆஸ்பத்திரியில் மொத்தம் மூன்றே வியாதிதான். சூடு, வாயு, அசதி. ஒருத்தருக்குக் கழுத்தில் தேங்காய் அளவு வீக்கம், கேட்டால் வாயு. ஒருத்தரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அசதி.

என் பக்கத்தில் உட்கார்கிற ஆதிமூலத்துக்கும் சூடுதான். அவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அங்கிருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். பென்ஷனோடு ஒரு கோட்டும், கோட்டின் மேல் ஒரு மெடலும், மெடலைப் பற்றி ஏழெட்டு விதமான கதைகளும் அவரிடம் உண்டு.

"மோன் தியே, கடவுளே! கண்ணையா, நான் அல்ஜீரியா பாலைவனத்துல துப்பாக்கி புடிச்சி நின்னவன். அங்க வராத சூடு, முத்தியால்பேட்டைல ஃபேனுக்கு அடியில படுத்திருக்கறவனுக்கு எப்படிடா வரும்?"

"எனக்கு முத்துன சூடுங்கண்ணே."

"எனக்கும் முத்துனதுதான். யார்து பெருசுன்னு அவனுங்கதான் சொல்லணும். சொல்ல மாட்றானுங்க."

எனக்குச் சந்தேகம் வந்தது என் பங்காளி வடிவேலால். வரப்புத் தகராறில் பத்து வருஷமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவன். அந்த வரப்பு இருந்த நிலத்தில் இப்போது பிளாஸ்டிக் கம்பெனி நிற்கிறது. நிலமும் போய் வரப்பும் போய்த் தகராறை மட்டும் பத்திரமாக வைத்திருந்தோம். அப்படிப்பட்டவன் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வீட்டுக்கு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த வரப்பு ஒன்னுதுதாண்ணே. எங்கம்மா சத்தியமா ஒன்னுதுதான். என்ன மன்னிச்சிடு" என்று அழுதான்.

வடிவேல் மன்னிப்புக் கேட்கிறான் என்றால் எனக்கு வந்திருப்பது சூடு இல்லை. வெந்தயத்தில் தீருகிற வியாதிக்கெல்லாம் எங்கள் பங்காளிகள் வரப்பை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் தனியாக அபயகரத்துக்குப் போனேன். விவரம் கேட்க வேண்டுமானால் "நோயாளி மனநலக் காப்புப் பிரிவு" என்றார்கள். அங்கே கார்குழலி என்று ஒரு அதிகாரி அம்மா. மேஜை மேல் பிளாஸ்டிக் தாமரை, வாயில் நிஜமான புன்னகை. சொல்லப்போனால் மாற்றிச் சொல்லிவிட்டேன். தாமரைதான் நிஜம் மாதிரி இருந்தது.

"வாங்க ஐயா. உங்க கூட யாரு வந்திருக்காங்க?"

"நான்தாம்மா வந்திருக்கேன்."

"நீங்க நோயாளி. உங்க கூட?"

"செருப்புதாம்மா. வாசல்ல கழட்டி வுட்டுட்டேன்."

"அட்டெண்டர் இல்லாம நாங்க பேசறதில்லீங்க ஐயா."

"எனக்கு என்னா வியாதின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. போயிடறேன்."

அந்த அம்மா பதறிப்போய்க் கதவைச் சாத்தினார். "ஐயா, நோயாளிக்கு நோயச் சொல்ற வழக்கம் இங்க இல்ல. உங்க நன்மைக்குத்தான். ஒருத்தருக்குச் சொல்லிப் பாத்தோம். அவரு என்னா செஞ்சாருன்னு நெனைக்கிறீங்க?"

"செத்துட்டாரா?"

"அதுகூடப் பரவாயில்லீங்க. கேள்வி கேக்க ஆரம்பிச்சிட்டாரு."

அடுத்த நாள் சின்னப்பொண்ணைக் கூட்டிக்கொண்டு போனேன். "இதோ, எம் பொண்டாட்டி. இவகிட்ட சொல்லுங்க" என்றேன்.

"பெண்கள்கிட்டயும் சொல்றதில்லீங்க. அழுவாங்க. டைல்ஸ் தரை, ஈரமாச்சுன்னா மத்த நோயாளிங்க வழுக்கி வுழுந்துடுவாங்க."

சின்னப்பொண்ணு அந்த அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். "நீ பொம்பளதானேம்மா? ஒனக்குத் தெரியுமா இவருக்கு என்னான்னு?"

"எனக்குத் தெரியும். ஆனா நான் அதிகாரி."

வரும்போது கையில் ஒரு வண்ணத்தாள் கொடுத்தார். "சூட்டோடு வாழ்வோம்! மாபெரும் சிகிச்சை அனுபவப் பகிர்வு விழா. அனைவரும் வருக." கீழே பொடி எழுத்தில்: நோயாளிகள் முன்வரிசையில் அமரவும், பேச அனுமதி இல்லை.

சிகிச்சை அனுபவத்தை நோயாளி பேசாமல் வேறு யார் பேசுவார்கள் என்று கேட்காதீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. விழாவுக்குப் போனேன்.

ஹாலில் முன்வரிசை முழுக்க நாங்கள். மேடையில் அட்டெண்டர்கள். வாசலில் எங்கள் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு உருண்டை பஞ்சைக் கொடுத்து, "காதுல அடைச்சிக்குங்க. மேடையில பேசறது உங்க மனச பாதிக்கும்" என்றார்கள். எல்லாரும் சமர்த்தாக அடைத்துக்கொண்டோம். காதை அடைத்துக்கொண்டு கேட்பதற்காக எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஆனால் அபயகரத்தார் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள். நான் தறிக்கொட்டகைக்காரன். நூற்றுக்கணக்கான தறி ஒரே சமயத்தில் ஓடும் இடத்தில் பக்கத்திலிருப்பவன் கத்தினாலும் காதில் விழாது. நாங்கள் வாயைப் பார்த்தே பேசிக்கொள்வோம். மேஸ்திரி கொட்டகையின் அந்தக் கோடியில் நின்று முணுமுணுவென்று திட்டுவதை இந்தக் கோடியிலிருந்து பார்த்து, இங்கிருந்தே பதிலுக்குத் திட்டுவோம். பஞ்சைக் கொடுத்து என்ன பிரயோசனம்? மில்லில் நான் பார்க்காத பஞ்சா?

முதலில் டாக்டர் கோபிநாத் மைக்கைப் பிடித்தார். நல்ல வாய். உதடுகள் அச்சுக் கோத்த மாதிரி அசைந்தன.

"பெரியோர்களே! நோயாளியின் உடம்பு டாக்டருக்கு. நோயாளியின் மனசு அட்டெண்டருக்கு. அப்படியானால் நோயாளிக்கு என்ன என்று சிலர் கேட்கிறார்கள். நோயாளிக்கு ஓய்வு! போன வருஷம் ஒரு பெரியவருக்குத் தெரியாத்தனமாக நோயைச் சொல்லிவிட்டோம். அந்த அதிர்ச்சியில் அவர் நேராக எழுந்து வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். இன்றைக்கும் அங்கேதான் நலமாக இருக்கிறார். எவ்வளவு வேதனை! இந்த நிலைமை வேறு எந்த நிர்வாகத்துக்கும் வரக்கூடாது."

கைதட்டல். பஞ்சு அடைத்தவர்களும் மற்றவர்களைப் பார்த்துத் தட்டினார்கள்.

அடுத்து என் மாப்பிள்ளை வந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினான்.

"எங்க மாமாவுக்கு கேன்சர். அவர்கிட்ட மறைக்கிறது எவ்ளோ கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும். என்னால தாங்க முடியல. கம்பெனில சொன்னேன். முடிவெட்டுற கடையில சொன்னேன். பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவர்கிட்ட சொன்னேன். ஆனா இன்னிக்கு வரைக்கும் மாமாகிட்ட மட்டும் சொல்லல."

ஹாலே எழுந்து நின்று தட்டியது. நான் எழவில்லை. அவன் உதட்டில் இன்னொரு தடவை கேன்சர் என்ற வார்த்தை வருமா, நான்தான் தப்பாகப் பார்த்தேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். டாக்டர் மறுபடியும் மைக்கை வாங்கினார்.

"இந்தக் கண்ணையனுக்கு வருகிற திங்கட்கிழமை ஆபரேஷன். இரண்டு விதைகளையும் எடுத்துவிடுகிறோம். சூட்டுக்கட்டி கீறுகிறோம் என்று அவரிடம் சொல்லியாகிவிட்டது. மாப்பிள்ளை கையெழுத்தும் போட்டுவிட்டார். இந்த ஆண்டின் சிறந்த ரகசியக் காப்பாளர் கேடயம் திரு. வெற்றிவேல் அவர்களுக்கு! அவருக்குப் பொன்னாடை போர்த்த, கண்ணையன் அவர்களையே மேடைக்கு அழைக்கிறோம்."

யாரோ என் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றினார்கள். சால்வையைக் கையில் கொடுத்தார்கள். போர்த்தினேன். கழுத்தில் கொஞ்சம் இறுக்கிப் போர்த்தினேன். போட்டோ எடுத்தார்கள்; இந்தத் தடவை நிஜப் போட்டோ.

ஒன்று கேட்கிறேன். என் மாட்டுக்குக் காயடிப்பதென்றால் என்னைக் கேட்பார்கள். மாட்டைக் கேட்க மாட்டார்கள். வாஸ்தவம். ஆனால் நான் மாடு இல்லையே? ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் என்று போட்டிருக்கிறது. ஓட்டுப் போடுகிறேன். வீட்டில் ஒரு மண்பானை உடைந்தால்கூடச் சின்னப்பொண்ணு என்னிடம் கேட்டுவிட்டுத்தான் வேறு வாங்குகிறாள். என் உடம்பிலிருந்து இரண்டு எடுப்பதை மைக் வைத்து ஊருக்குச் சொல்கிறவன், என் காதில் மட்டும் பஞ்சை வைக்கிறான்.

விழா முடிந்து பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஆதிமூலம் வந்து, காதிலிருந்த பஞ்சை எடுத்தபடி, "என்னாடா சொன்னானுங்க?" என்றார். சொன்னேன். அவர் வெகுநேரம் தன் மெடலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் அதேவா இருக்கும்?"

"ஒங்களப் பத்தி பேசலண்ணே."

"சரி, ஒன் கதைய மொதல்ல பாப்போம். முழுசாத் தெரியணும் ஒனக்கு. கட்டாயம் எடுக்கணுமா, எடுக்கலன்னா என்னா ஆவும், எவ்ளோ நாள் இருப்ப?"

"யாரண்ணே சொல்லுவா? அட்டெண்டர்கிட்டதான் சொல்லுவாங்க."

"அப்ப அட்டெண்டரா போ."

"யாருக்கு?"

"ஒனக்குத்தான்டா. கண்ணையனுக்கு அண்ணன்னு சொல்லு."

"டாக்டருக்கு என் மூஞ்சி தெரியுமேண்ணே."

ஆதிமூலம் சிரித்த சிரிப்பில் அருவி நின்றுவிட்டது. "ஒன் மூஞ்சியா? கொல்லப்பக்கம் எல்லாம் பாத்திருக்கான். மூஞ்சிய என்னிக்குடா பாத்தான்?"

யோசித்துப் பார்த்தேன். வாஸ்தவம்தான்.

மறுநாள் ஆதிமூலத்தின் கோட்டை மாட்டிக்கொண்டேன். மெடலை மட்டும் கழற்றிக்கொண்டார், நான் தொலைத்துவிடுவேன் என்று. டாக்டர் கோபிநாத்தின் கதவைத் திறந்தேன். என்ன அதிசயம்! நோயாளியாகப் போனபோது தலை நிமிராத மனுஷன், அட்டெண்டர் என்றதும் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"வாங்க சார், உக்காருங்க. நீங்க?"

"கண்ணையனோட அண்ணன். பொன்னையன்."

"அப்படியா! டீ சொல்லட்டுமா?"

எனக்குக் கிடைத்த முதல் மரியாதை. அதுவும் என் அண்ணனுக்கு.

அவர் காகிதத்தை எடுத்துப் படம் வரைந்து, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி சொல்லிக் கொடுத்தார். கெட்டிக்காரர்தான். அதைச் சொல்லாவிட்டால் பாவம். மூத்திரப்பைக்குக் கீழே கொட்டைப்பாக்கு அளவில் பிராஸ்டேட் என்று ஒரு சுரப்பி. ஆம்பளைகளுக்கு மட்டும் இருப்பது. அதில் புற்று வந்திருக்கிறது. வெளியே கிளம்பி இடுப்பு எலும்பு வரைக்கும் போய்விட்டது. அதனால் சுரப்பியை வெட்டி எடுத்துப் பிரயோசனம் இல்லை. ஆனால் அந்தப் புற்றுக்குத் தீனி எங்கிருந்து போகிறது என்றால், விதையில் ஊறுகிற ஆண்சுரப்பிலிருந்து. அந்தத் தீனியை நிறுத்தினால் புற்று சுருண்டு படுத்துவிடும்.

"எத்தினி நாளைக்குப் படுத்திருக்கும் டாக்டர்?"

"ஆளுக்கு ஆள் மாறும் சார். பல பேரு வருஷக்கணக்குல நல்லா இருக்காங்க. எந்திரிச்சா அப்ப வேற மருந்து பாப்போம்."

"எடுத்துத்தான் ஆவணுமா?"

"கட்டாயம் இல்ல. ஊசியும் இருக்கு. தொடர்ந்து போட்டுக்கிட்டே வந்தா அதே பலன். செலவு கூட. ஆபரேஷன்னா ஒரே தடவை, முடிஞ்சுது. பின்னால ஒடம்புல அப்பப்ப குப்புனு சூடு வரும், எலும்பு கொஞ்சம் மெலியும், ஆசை குறையும்."

"அப்ப ரெண்டு வழி இருக்கு."

"ஆமா."

"எந்த வழின்னு தம்பிகிட்ட கேக்கலாமே?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கேட்டா அவரு யோசிப்பாரு சார். நோயாளி யோசிக்க ஆரம்பிச்சா எங்களால ஒரு நாளைக்கு நாலு பேரத்தான் பாக்க முடியும்."

"நீங்க எந்தம்பியப் பாத்திருக்கீங்களா டாக்டர்?"

"ஏன் பாக்காம? நல்லாத் தெரியுமே. வழுக்கத் தலை, கொஞ்சம் குண்டா இருப்பாரு. ரொம்ப சாது. பாவம், சொன்னா தாங்க மாட்டாரு."

எனக்குத் தலை நிறைய முடி. உடம்பு மூங்கில் கழி. நான் டீயைக் குடித்து முடித்து, அண்ணன் சார்பில் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் சின்னப்பொண்ணு எண்ணெய்க் கிண்ணத்தோடு காத்திருந்தாள். அன்றைக்குக் குளியல் நாள். அவள் முன்னால் மணைபோட்டு உட்கார்ந்தேன். உச்சியில் எண்ணெய் வைத்தாள்.

"எனக்குச் சூடு இல்ல, சின்னப்பொண்ணு. கேன்சராம்."

கை நின்றது. "யாரு சொன்னாங்க?"

"எங்க அண்ணன்."

"ஒங்களுக்கு ஏது அண்ணன்?"

எல்லாவற்றையும் சொன்னேன். பாக்கு, தீனி, ஊசி, ஆபரேஷன். அவள் அழுதாள். தரை ஈரமானது. யாரும் வழுக்கி விழவில்லை. துணியை எடுத்துத் துடைத்தோம். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. எழுந்து போய், ஊறவைத்திருந்த வெந்தயத்தைக் கிண்ணத்தோடு கொல்லையில் வீசினாள்.

"மூணு மாசம்! கேன்சருக்கு என்ன வெந்தயம் ஊற வைக்க வெச்சானுங்களே! இந்தக் கையால எத்தினி தேங்கா ஒடச்சிருப்பேன் மாரியம்மனுக்கு! ஒரு வார்த்த, என்னா வியாதின்னு தெரிஞ்சிருந்தா, அதச் சொல்லியாவது வேண்டியிருப்பனே!"

கொஞ்ச நேரம் கழித்து, மூக்கைச் சிந்திவிட்டு, "எடுத்தா ஆயுசு கூடுமா?" என்றாள்.

"கூடுமாம்."

"அப்ப எடுத்துடுங்க. இந்த வயசுல அத வெச்சிக்கிட்டு என்னாத்தப் பண்ணப் போறோம்?"

"நானும் அதேதான் நெனச்சேன். ஊசிக்கெல்லாம் மாசாமாசம் யாரு அலையறது? ஆனா என்னக் கேக்கணும் இல்ல?"

"என்னயும்தான் கேக்கணும்" என்றாள் சின்னப்பொண்ணு.

திங்கட்கிழமை காலையில் வெற்றிவேல் ஆட்டோ கொண்டுவந்தான். வழியெல்லாம், "சின்னக் கட்டிதான் மாமா, கீறிவுட்டா சூடு எறங்கிடும்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். பக்கத்தில் சின்னப்பொண்ணு, கோட்டை மடித்து மடியில் வைத்திருந்தாள். அபயகரத்தில் பச்சை அங்கி ஒன்றைக் கொடுத்து உடுத்தச் சொன்னார்கள்; உடுத்திக்கொண்டு அதன் மேல் கோட்டை மாட்டிக்கொண்டேன். வெற்றிவேலுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆபரேஷன் அறைக்கு வெளியே டாக்டர் கோபிநாத்தும் கார்குழலி அம்மாவும் நின்றார்கள். டாக்டர் கோட்டைப் பார்த்ததும் மலர்ந்தார்.

"வாங்க பொன்னையன் சார்! தம்பி வந்துட்டாரா?"

"வந்துட்டான் டாக்டர். ஒரு விஷயம். நீங்க சொன்னத எல்லாம் அவன்கிட்ட சொல்லிட்டேன்."

கார்குழலி அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். டாக்டரின் முகம் ஈயம் போன பித்தளை மாதிரி ஆனது.

"ஐயையோ, ஏன் சார்? என்னா சார் இப்படி... தாங்கினாரா?"

"தாங்கிட்டான். ஆனா ரொம்பக் கோவமா இருக்கான்."

"எங்க இருக்காரு இப்ப?"

கோட்டைக் கழற்றி வெற்றிவேல் கையில் கொடுத்தேன். உள்ளே ஆஸ்பத்திரியார் கொடுத்த பச்சை அங்கி. "ஒங்க எதிர்லதான் டாக்டர். பாருங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக டாக்டர் கோபிநாத் என் முகத்தைப் பார்த்தார். என்ன இருக்கிறது அந்த முகத்தில்? மீசை, பொக்கை, மில்லில் அடிபட்ட ஒரு தழும்பு. ஆனால் பாம்பைப் பார்த்தவர் போல நின்றார்.

"எடுக்கறத எடுத்துக்குங்க" என்றேன். "நானே சம்மதிச்சு வந்திருக்கேன். ஆனா என்னக் கேட்டுட்டு எடுங்க. கேளுங்க."

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். கண்ணாடியைத் துடைத்தார். அவருக்கு அந்தக் கேள்வி பழக்கமில்லை; மனுஷன் மூன்று தடவை வாயைத் திறந்து மூடினார். கடைசியில், "கண்ணையன்... உங்க விதைகள எடுக்கப்போறோம். உங்களுக்குச் சம்மதமா?" என்றார்.

"சம்மதம்."

"என்னக் கேக்கல" என்றாள் சின்னப்பொண்ணு.

அவளையும் கேட்டார். வெற்றிவேல் ஓரமாக நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான். தரையை அவன்தான் ஈரமாக்கினான். கார்குழலி அம்மா அதைக் குறித்துக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மூத்திரம் இப்போது செயற்கை அருவிக்குச் சவால் விடுகிறது. இடுப்பு வலி குறைந்திருக்கிறது. ஒன்று மட்டும்: டாக்டர் சொன்ன மாதிரியே, திடீர் திடீரென்று உடம்பெல்லாம் குப்பென்று பற்றிக்கொண்டு வருகிறது. ஆயுசில் முதல் தடவையாக எனக்கு நிஜமாகவே சூடு வந்திருக்கிறது. கார்குழலி அம்மாவிடம் போய், "அம்மா, சூடா இருக்கு" என்றேன். "அது வாயு ஐயா" என்றார்.

சங்கதி பெஞ்சுக்குப் பரவாமல் இருக்குமா? அடுத்த வாரம் ஆதிமூலம் தனக்குத் தானே தம்பியாகப் போய், மெடலோடு நுழைந்து, தன் சூடு என்ன என்பதைத் தெரிந்துகொண்டு வந்தார். என்னுடையதேதான்; ஆனால் எலும்புக்குப் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து அழுதார், சிரித்தார், பிரெஞ்சில் கெட்ட வார்த்தை சொன்னார். அதற்கப்புறம் அந்தக் கோட்டுக்கு ஓய்வே இல்லை. தொண்ணூறு வயசுக் கிழவருக்கு அண்ணன் வந்தார். சொந்தபந்தமே இல்லாத ஒருவருக்கு ஒரே வாரத்தில் நாலு சகோதரர்கள் முளைத்தார்கள். எல்லாருக்கும் ஒரே கோட்டு. மேடையில் நடக்காத அனுபவப் பகிர்வு தினமும் பெஞ்சில் நடக்கிறது. பஞ்சு கிடையாது.

நிர்வாகம் முழித்துக்கொண்டது. அவசரக் கூட்டம் கூட்டினார்கள். இனிமேலாவது நோயாளியிடம் நேராகச் சொல்லிவிடலாம் என்று யாரோ ஒரு சின்ன டாக்டர் சொன்னாராம். அவரைக் காரைக்காலுக்கு மாற்றிவிட்டார்கள். கடைசியில் பெரிய முடிவாக ஒன்று எடுத்திருக்கிறார்கள். அட்டெண்டராக வருகிறவர் நோயாளியேதானா என்று முகத்தை ஒப்பிட்டுப் பார்க்க, வெளிநாட்டிலிருந்து கேமரா வரவழைக்கிறார்களாம்.

வரட்டும். அந்த ஆஸ்பத்திரியில் எங்கள் முகத்தைப் பார்க்க அதுவாவது இருக்கும்.